லிஞோன் ஆற்றங்கரையில் ஓர் அடைக்கல ஊர்

இரண்டாம் உலகப் போரின்போது யூதருக்குப் புகலிடம் அளித்த ல ஷாம்போன் என்னும் பிரெஞ்சுச் சிற்றூரைப் பற்றி எழுதுவோர், பெரும்பாலும் போதகர் ஆந்த்ரே த்ரொக்மேயின் பிரசங்கபீடத்திலிருந்தே தொடங்குகின்றனர். நாமோ நிலத்திலிருந்து தொடங்க விரும்புகிறோம்.

தென்மத்திய பிரான்சின் ஓத்-லுவார் மாவட்டத்தில், ஏறத்தாழ 960 மீட்டர் உயரமுள்ள பீடபூமியில், லிஞோன் ஆற்றங்கரையில் இவ்வூர் அமைந்துள்ளது. மக்கள்தொகை சுமார் 2,500. தெற்கே 1,753 மீட்டர் உயர மெசாங்க் மலை நிற்கிறது. குளிர்காலத்தில் 'பூர்ல்' என்னும் வாடைக்காற்று பனியை வாரி இறைத்துப் பாதைகளை மூடிவிடும். ஊர் நடுவே இருக்கும் வீடுகள் போக, கருங்கற் பண்ணைவீடுகள் மேய்ச்சல் நிலங்களுக்கும் காடுகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. தேடி வருவோனுக்கு இது கடினமான நிலம்; ஒளிந்திருப்போனுக்கு நல்ல நிலம்.

1685இல் பதினான்காம் லூயி மன்னன் நாந்து கட்டளையை ரத்துச் செய்தபோது, ஆலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் நாடுகடத்தப்பட்டனர். 1787இல் சகிப்புக் கட்டளை பிறக்கும்வரை, சீர்திருத்த சபையாரின் திருமணம்கூடச் சட்டத்தின்முன் செல்லாது. அண்டைப் பகுதியான விவாரேயைச் சேர்ந்த மரி துரான் என்னும் பெண், விசுவாசத்தினிமித்தம் 1730 முதல் 1768 வரை 38 ஆண்டுகள் கோபுரச் சிறையில் வாடினாள். இந்நினைவுகள் பீடபூமியின் குடும்பங்களில் அணையவில்லை. கத்தோலிக்க நாட்டின் நடுவே ஷாம்போனில் புராட்டஸ்டண்டுகளே பெரும்பான்மையோராய் நிலைத்தனர்.

அவ்வளவு உன்னதமாய்த் தோன்றாத இன்னொரு காரணமும் உண்டு. 1893 முதல், சேந்த்-எத்தியேன் தொழில் நகரத்து ஏழைக் குழந்தைகளை நல்ல காற்றுக்காக இப்பண்ணைகளில் தங்கவைக்கும் ஊழியம் நடந்துவந்தது; 1902இல் இருப்புப்பாதையும் வந்தது. எனவே அயலார் பிள்ளை பண்ணையில் உண்டு உறங்குவது அங்கே புதுமையன்று. இறையியலார் இதனை எளிதில் கடந்துவிடுகிறோம்.

போர் நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள், அதாவது 1940 ஜூன் 23 அன்று, த்ரொக்மேயும் உடன்போதகர் எதுவார் தைசும் ஆவியின் ஆயுதங்களால் எதிர்த்து நிற்குமாறு சபையை அழைத்தனர். 1943 பிப்ரவரியில் இருவரும் கைதாகிச் சில வாரங்கள் முகாமில் வைக்கப்பட்டனர், அடைக்கலப்பணியோ நிற்கவில்லை. இதுவே நமக்கு முக்கியமானது. சுற்றுப்புறப் பண்ணைகளில் டார்பியின் வழிவந்த சகோதர சபையார் பலர் இருந்தனர். அவர்களுக்கு அபிஷேகம் பெற்ற போதகரே கிடையாது. ஆயினும் அவர்களும் கதவைத் திறந்தனர்.

காப்பாற்றப்பட்டோர் 5,000 பேர் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆய்வாளர் பலர் அதனைக் குறைத்தே மதிப்பிடுகின்றனர். எல்லாரும் தப்பவுமில்லை. 1943 ஜூன் 29 அன்று ரோஷ் மாணவர் இல்லம் சோதனையிடப்பட்டது. அதன் பொறுப்பாளரும் போதகரின் உறவினருமான தானியேல் த்ரொக்மே தம் மாணவரோடு பிடிபட்டு, 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் மரித்தார்.

1990இல் எருசலேமின் யாத் வஷேம் நினைவகம் இவ்வூர் மக்களைக் கௌரவித்தது. போதகர்களுக்கெனத் தனித்தனியே விருதுகள் இருந்தும், இந்தக் கௌரவம் ஷாம்போன் மக்கள் அனைவருக்கும், அண்டைக் கிராமத்தாருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.