டிகிரிக்கு மதிப்பில்லாத யூனிவர்சிட்டி

இன்ஜினியரிங் காலேஜ் வாசல்ல ‘விஷன், மிஷன்’னு ஒரு போர்டு இருக்கும். நாலு வருஷம் அதைத் தாண்டிப் போனாலும் யாரும் நின்னு படிக்க மாட்டோம். இன்னைக்கு நம்ம ஆள் அந்த ரெண்டு வரிக்காக ஒரு புத்தகமே எழுதினவர்.

அயர்லாந்து, 1850 வாக்குல. பெரும் பஞ்சம் ஓயுற நேரம். மக்கள்ல பெரும்பாலானவங்க கத்தோலிக்கர். டப்ளின் டிரினிட்டி காலேஜோ ஆங்கிலிக்கன் சபையோடது. 1793-லேர்ந்து கத்தோலிக்கர் அங்க பட்டம் வாங்கலாம், ஆனா ஃபெலோஷிப் கிடைக்காது. 1845-ல அரசு மதம் சாராத குவீன்ஸ் காலேஜ்களுக்குச் சட்டம் கொண்டு வந்துச்சு. 1850-ல தர்ல்ஸ்ல கூடின பிஷப்புகள் அதையும் வேண்டாம்னுட்டாங்க. அப்போ நமக்குன்னு ஒரு யூனிவர்சிட்டி வேணும்னு ஆர்ச்பிஷப் பால் கல்லன் அழைச்சது ஜான் ஹென்றி நியூமேனை. ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்; 1845-ல கத்தோலிக்கரா மாறினவர்.

1852-ல நியூமேன் டப்ளின்ல உரைகள் கொடுத்தார். அங்கதான் எனக்கு ஆச்சரியம். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்னா பிள்ளைங்களைப் பக்திமான் ஆக்கும்னுதானே சொல்லணும்? இவர் சொன்னது வேற. பல்கலைக்கழகத்தோட நேரடி வேலை அறிவை வளர்க்கிறது. அறிவு வேற எதுக்கோ கருவி இல்ல, அதுவே ஒரு பலன். நல்லாப் படிச்ச, பண்பான மனுஷனும் நல்ல கிறிஸ்தவனும் ஒண்ணு இல்ல.

அப்புறம் மதம் எதுக்கு? இறையியலும் அறிவோட ஒரு பகுதி, அதை வெளியே தள்ளினா மத்த துறைகள் அந்த இடத்தை ஆக்கிரமிச்சு, தனக்குத் தெரியாததுக்கெல்லாம் தீர்ப்பு சொல்லும்ங்கறார். சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, ஒரு மாட்யூலைத் தூக்கிட்டா மத்ததெல்லாம் அதோட வேலையையும் சேர்த்துத் தப்பாச் செய்யும். இறைநம்பிக்கை இல்லாதவங்களும் யோசிக்க வேண்டிய வாதம்.

கல்லன் எதிர்பார்த்தது இது இல்ல. கட்டுப்பாடான, சபையோட கண்காணிப்புல நடக்குற இடம்தான் அவருக்கு வேணும். அவரை வில்லனாக்கவும் எனக்கு மனசில்ல. செலவுக்கான காசு கோயில் கோயிலா வசூல் பண்ணது. பஞ்சத்துல பிழைச்சவங்க போட்ட சில்லறை. அதுக்குப் பதிலா ‘அறிவு அறிவுக்காகவே’ன்னா அந்த அப்பா அம்மா என்ன நினைச்சிருப்பாங்க?

1854 நவம்பர்ல, செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன்ல, ஏறக்குறைய இருபது மாணவர்களோட ஆரம்பம். அரசு சாசனம் கிடைக்கல. அதனால டிகிரிக்கு வெளியில மதிப்பில்ல. ஆனா 1855-ல செசிலியா தெருவுல திறந்த மருத்துவப் பள்ளி மட்டும் ஜோரா நடந்துச்சு. காரணம் சிம்பிள்: அந்தப் படிப்பை மருத்துவ அமைப்புகள் ஏத்துக்கிச்சு, படிச்சா டாக்டர் ஆகலாம். ‘பிளேஸ்மென்ட்’ங்கிற வார்த்தைதான் அப்போ இல்ல!

1858-ல நியூமேன் விலகிட்டார். 1883-ல காலேஜ் ஜெசூட்கள் கைக்குப் போச்சு. 1902-ல அங்க பட்டம் வாங்கினவர்ல ஒருத்தர் ஜேம்ஸ் ஜாய்ஸ். சபையை உதறிட்டு ஊரைவிட்டே போனவர். ஆனா ஆங்கில உரைநடையில நியூமேனுக்கு நிகரா யாருமில்லைன்னு கடைசிவரை சொல்லிக்கிட்டிருந்தார்.