பிரிஸ்பேன் கொல்லைப்புறம்: பூக்கள் வந்த கதை

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் மாணவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. ஜக்கரண்டா மரம் பூத்த பிறகும் புத்தகத்தைத் திறக்காதவன் தேர்வில் தேறமாட்டான் என்பார்கள். அக்டோபர், நவம்பரில் ஊரே ஊதா நிறமாகும்போதுதான் பல்கலைக்கழகத் தேர்வுகளும் நெருங்குகின்றன. அந்தப் பயத்துக்கு 'ஊதாப் பீதி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தேர்வுக் காலம் என்றால் என்னவென்று தெரிந்தவன் என்பதால் எனக்கு இந்தப் பேச்சு மிகவும் பிடித்தது. அந்த மரத்தைப் பற்றித் தேடப்போய், ஒரு நகரத்தின் வீட்டுத் தோட்டங்களுக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கிறதா என்று வியந்தேன். படித்ததில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பிரிஸ்பேன் மகர ரேகைக்குச் சற்றுத் தெற்கே, ஏறத்தாழ 27.5 பாகை தென் அட்சத்தில் இருக்கிறது. கோடையில் இடியும் மழையும் புழுக்கமும். குளிர்காலத்தில் வறண்ட காற்றும் இதமான வெயிலும். தென்கோளம் என்பதால் நமக்கு எல்லாமே தலைகீழ். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். கிறிஸ்துமஸ் நடுக்கோடையில் வரும். நகரத்துக்குள் உறைபனி அரிது. அதனால் மெக்சிகோச் செடியும் மடகாஸ்கர் மரமும் இந்திய மாமரமும் ஒரே வேலிக்குள் வளர முடிகிறது.

காலியாக இல்லாத நிலம்

வெள்ளையர் வருவதற்கு முன்பு இந்த ஆற்றங்கரை துர்பல், யாகரா மக்களின் நிலம். இன்றைய நகர மையத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மீயான்ஜின். எந்தக் காட்டில் எந்தக் கொட்டை எப்போது முற்றும், எது பூத்தால் எந்த மீன் வரும் என்பதே அவர்களுடைய காலண்டர். 1824-ல் அருகிலுள்ள ரெட்கிளிஃபில் ஆங்கிலேயர் ஒரு கைதிகள் குடியிருப்பை அமைத்து, 1825-ல் அதை இந்த ஆற்றங்கரைக்கு மாற்றினார்கள். 1828-ல் குடியிருப்புக்கு உணவு தருவதற்காக ஆற்றின் வளைவில் ஒரு தோட்டம் போடப்பட்டது. பின்னாளில் அதே இடத்தில்தான் தாவரவியல் பூங்கா வந்தது.

ஊர் வளர்ந்தபோது பூர்வகுடிகள் நகர எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். மாலைக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர்கள் உள்ளே இருக்கக் கூடாது. அந்த எல்லையின் நினைவாக 'பவுண்டரி தெரு' என்ற பெயர் இன்றும் நகரில் இருக்கிறது. ஆக, பிரிஸ்பேனின் அழகான வீட்டுத் தோட்டங்கள் ஒரு காலி மனையில் தொடங்கவில்லை. பூக்களைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

வசந்தம்: ஊதாவும் பொன்னும்

1855-ல் தாவரவியல் பூங்காவின் முதல் கண்காணிப்பாளராக வால்டர் ஹில் என்பவர் வந்தார். உலகெங்கும் இருந்து விதைகளை வரவழைத்து, எது இங்கே பிழைக்கும் என்று பார்ப்பதே அவர் வேலை. தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஜக்கரண்டாவை 1864-ல் அவர் நட்டார். பிரிஸ்பேனின் முதல் ஜக்கரண்டா அதுதான் என்கிறார்கள். அதிலிருந்தும் அதன் வழிவந்த மரங்களிலிருந்தும் கன்றுகள் வீதிகளுக்கும் வீடுகளுக்கும் போயின. 1903-ல் காட்ஃப்ரி ரிவர்ஸ் என்ற ஓவியர் தானும் மனைவியும் அந்த மரத்தடியில் தேநீர் அருந்துவதுபோல ஓர் ஓவியம் வரைந்தார். மரம் புயலில் சாய்ந்துவிட்டது. ஓவியம் குயின்ஸ்லாந்து கலைக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஜக்கரண்டா பூக்கும் அதே நாட்களில் பொன்னிறமாகப் பூக்கும் மரம் ஒன்றும் உண்டு. அது அந்த மண்ணின் சொந்த மரம். நமக்கும் அது அந்நியமில்லை. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் ஏற்காடு காப்பித் தோட்டங்களிலும் நிழலுக்காக உயர்ந்து நிற்கும் 'சில்வர் ஓக்' மரமேதான். அங்கிருந்து இங்கே வந்தது. ஊட்டிக்குச் சுற்றுலா போகும்போது நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கோடை: வீட்டின் அடியில் ஒரு வாழ்க்கை

பிரிஸ்பேனின் பழைய வீடுகள் மரத்தால் ஆனவை. தூண்களின் மேல் உயரமாக நிற்கும். தகரக் கூரை, சுற்றிலும் அகன்ற தாழ்வாரம். கரையான் ஏறாமல் இருக்கவும், மேடு பள்ளமான நிலத்தில் கட்டவும், அடியில் காற்று ஓடவும் இந்த ஏற்பாடு. வீட்டுக்கு அடியில் உள்ள நிழலில் துணி துவைப்பார்கள், பிள்ளைகள் விளையாடுவார்கள். கொல்லையில் துணி காயப்போடும் இடம், ஒரு மாமரம், பப்பாளி, எலுமிச்சை, கடைசியில் கழிப்பறை. 1960களில் கிளெம் ஜோன்ஸ் மேயராக இருந்து பாதாளச் சாக்கடையை விரிவுபடுத்தும்வரை பல வீடுகளில் கழிப்பறை கொல்லைக்கோடியில்தான் இருந்தது. அதன் கூரைமேல் ஒரு கொடி படர்ந்திருக்கும். எந்தக் கொடி தெரியுமா? நம் வீட்டு சாம்பாரில் போடும் சௌசௌதான்!

மாமரத்துக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. குயின்ஸ்லாந்தில் பெயர்பெற்ற போவன் மாம்பழம், 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் குதிரைகளை ஏற்றிச்சென்று திரும்பியவர்கள் கொண்டுவந்த கொட்டைகளிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. ஆகஸ்ட் வாக்கில் பூத்து, கிறிஸ்துமஸ் விடுமுறையில் பழுக்கும். இரவில் பழந்தின்னி வௌவால்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும்.

உள்ளூர்க் கொட்டைக்கு நேர்ந்தது

இன்று விலை உயர்ந்த கொட்டையாக விற்கும் மக்கடேமியா இந்தப் பகுதியின் காட்டு மரம். பூர்வகுடிகள் காலங்காலமாகத் தின்று வந்தது. 1858-ல் வால்டர் ஹில் நட்ட மக்கடேமியா மரம் இன்றும் பிரிஸ்பேன் பூங்காவில் நிற்கிறது. அது நச்சுக் கொட்டை என்று ஹில் நினைத்தாராம். முளைக்க வைப்பதற்காக ஓட்டை உடைக்கச் சொன்ன பையன், பருப்பைத் தின்றுவிட்டு நன்றாகவே இருந்தானாம். இப்படி ஒரு கதை சொல்கிறார்கள். அருகிலிருந்த பூர்வகுடிகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே போதும்!

விதைகள் 1880களில் ஹவாய்த் தீவுகளுக்குப் போயின. அங்கேதான் அது முதலில் பெரிய வணிகப் பயிரானது. ஹவாய் ரகங்களின் மூலம் குயின்ஸ்லாந்தின் ஜிம்பி வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய காட்டுத் தொகுதி என்று 2019-ல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. சொந்த ஊரில் காட்டு மரமாக இருந்தது வெளிநாட்டில் செல்வமானது. அதற்குள் சொந்த ஊரில் காடு பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்டது.

குளிர்காலம்: சிவப்பு இலைகள்

பிரிஸ்பேன் நகரத்தின் சின்னப் பூ எது என்று பார்த்தால் அதுவும் வெளியூர்தான். மெக்சிகோவின் பாயின்செட்டியா 1930-ல் அந்தத் தகுதியைப் பெற்றது. நாம் பூ என்று நினைக்கும் சிவப்புப் பகுதி உண்மையில் இலை. நடுவில் மஞ்சளாகச் சிறிதாக இருப்பதே பூ. இரவு நீளும்போதுதான் இது சிவக்கும். அதனால் வடகோளத்தில் கிறிஸ்துமஸ் செடி, பிரிஸ்பேனிலோ ஜூன், ஜூலைச் செடி. செடிக்குப் பண்டிகை தெரியாது, இரவின் நீளம்தான் தெரியும்.

வேலியைத் தாண்டியவை

இதுவரை சொன்னது இனிமையான பகுதி. இனி மறுபக்கம்.

சப்பாத்திக்கள்ளியை அழகுக்காகவும் வேலிக்காகவும் ஆஸ்திரேலியாவில் வளர்த்தார்கள். 1839-ல் ஒரு தொட்டிச் செடியாக நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதிக்கு அது போனதாகப் பதிவு இருக்கிறது. 1920களில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 2.4 கோடி ஹெக்டேர் நிலம் கள்ளிக்குள் போய்விட்டது. தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1.3 கோடி ஹெக்டேர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். வெட்டினார்கள், எரித்தார்கள், நஞ்சு தெளித்தார்கள். பலர் பண்ணையை விட்டுவிட்டே வெளியேறினார்கள். கடைசியில் 1925-ல் அர்ஜென்டினாவிலிருந்து காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டு முதல் வெளியே விட்டார்கள். அதன் புழுக்கள் கள்ளியின் உட்புறத்தைத் தின்று அழுகவைத்தன. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான நிலம் மீண்டது. குயின்ஸ்லாந்தின் பூனார்கா என்ற ஊரில் அந்தப் பூச்சியின் நினைவாக மக்கள் ஒரு மண்டபமே கட்டினார்கள்.

இந்தக் கதையில் நம் ஊரும் வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் இருந்த மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், கள்ளியில் வாழும் கோச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கும் ஆசையில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் வைத்தார். 1795-ல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்த பூச்சி சாயத்துக்கு உதவாத வேறு இனம். ஆனால் அது ஒருவகைக் கள்ளியை நன்றாகத் தின்றது. 1830களில் தென்னிந்தியாவில் கள்ளியை அழிக்கவென்றே அதைப் பரப்பினார்கள். களையை அழிக்கப் பூச்சியை வேண்டுமென்றே பயன்படுத்தி வெற்றி கண்ட முதல் முயற்சி இதுதான் என்பார்கள். அதே பூச்சி 1914 வாக்கில் நம் பக்கத்திலிருந்து குயின்ஸ்லாந்துக்குப் போனது. பதிலுக்கு வேறொரு கோச்சினீல் இனம் ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கு வந்து, அங்கிருந்து 1926-ல் தமிழ்நாட்டுக்கு வந்து நம் சப்பாத்திக்கள்ளியைக் கட்டுப்படுத்தியது.

எல்லாச் செடிக்கும் இப்படி முடிவு கிடைக்கவில்லை. வண்ணப் பூவுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி குயின்ஸ்லாந்துக் காட்டோரங்களை இன்றும் மூடிக் கிடக்கிறது. அதை அடக்கவும் பல பூச்சிகளை விட்டுப் பார்த்தார்கள், முழு வெற்றி கிடைக்கவில்லை. நம் முதுமலைக் காட்டிலும் அதே செடி, அதே தொல்லை.

தண்ணீர்

கடைசியாகத் தோட்டக்காரர்களுக்குப் பாடம் சொன்னது வானம். 2000களின் நீண்ட வறட்சியில் அணைகள் வற்றின. 2007-ல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 140 லிட்டர் என்று இலக்கு வைத்தார்கள். தோட்டத்துக்குக் குழாய் பிடிக்கத் தடை வந்தது. குளித்த தண்ணீரை வாளியில் சுமந்து செடிக்கு ஊற்றினார்கள், மழைநீர்த் தொட்டி வைத்தார்கள். 2001-க்குப் பிறகு வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு வைத்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் 2011 ஜனவரியில் அதே ஊரில் ஆறு பொங்கி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீருக்கு ஏங்கிய தோட்டங்கள் சேற்றில் மூழ்கின.

இதையெல்லாம் படித்தபின் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். வெளியூர்ச் செடி என்பதற்காக எதையும் வெறுக்க வேண்டியதில்லை. அப்படிப் பார்த்தால் நம் மிளகாயும் சௌசௌவும்கூட வெளியூர்தான். ஜக்கரண்டா இல்லாத பிரிஸ்பேனை இன்று யாரும் நினைக்க முடியாது. ஆனால் தோட்டத்தில் வைக்கும் எதுவும் தோட்டத்தோடு நிற்கும் என்று நம்பிவிடவும் கூடாது. 1839-ல் அந்தக் கள்ளித் தொட்டியைச் சுமந்து சென்றவர் கெட்ட எண்ணத்தோடு போயிருக்கமாட்டார். அவருக்கு அது ஓர் அழகான செடி, அவ்வளவுதான். அடுத்த முறை நர்சரியில் பெயர் தெரியாத செடி ஒன்றை வாங்கும்போது, அது எங்கிருந்து வந்தது, விதை எப்படிப் பரவும் என்று ஒரு கேள்வி கேட்போம். பக்கத்துக் காட்டுக்கு நாம் செய்யும் சிறு மரியாதை அது.