எண்பதுகளின் தொடக்கத்துத் தமிழ்ப் படங்களும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரும்

ஒரு மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டையும் ஏட்டையும் அரசாங்கக் குறிப்புகளையும் தேடிச் செல்வர். அவை இன்றியமையாதன. ஆனால், பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் மாலை வேளையில் எதைக் கண்டு சிரித்தார்கள், எதைக் கண்டு கண் கலங்கினார்கள் என்பதை அவை சொல்வதில்லை. அதனை அறிவதற்குத் திரைப்படமும் ஒரு சான்று. மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை 1980 முதல் 1984 வரை வெளிவந்த படங்கள் இவ்வகையில் தனியே எண்ணிப் பார்க்கத் தக்கவை. அவை கோடம்பாக்கத்தில் பிறந்தவை. எனினும், கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அவற்றைக் கண்டவர்களின் வாழ்க்கை அந்நாளில்தான் தோட்டத்தை விட்டு நகரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அப்படங்களுள் எவை அவ்வாழ்க்கையைப் புரிந்துகொள்ளத் துணை நின்றன, எவை அதனை மறக்கச் செய்தன என்று பிரித்துக் காண்பது பயனுடைய ஆராய்ச்சியாகும்.

காண்போரும் களமும்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் செங்கற்சூளைகளால் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோலாலம்பூர் நகரைச் செங்கல்லால் கட்டத் தொடங்கியபோது அங்குச் சூளைகள் எழுந்தன. பின்னர் அது புகைவண்டித் தொழிலாளரின் இருப்பிடமாயிற்று. தமிழரும் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் அங்கே குடியேறினர். கிள்ளானின் வளம் துறைமுகத்தாலும் ரப்பர்த் தோட்டங்களாலும் வந்தது. 1941இல் தோட்டத் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தால் அவ்வட்டாரம் தொழிலாளர் வரலாற்றிலும் இடம்பெற்றது.

1970களில் இக்காட்சி மாறத் தொடங்கியது. பால்மரம் அழிந்து செம்பனை பரவியது. நகரை ஒட்டிய தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் உருமாறின. லயத்து வீட்டை இழந்தவர்கள் பெட்டாலிங் ஜெயா, சுங்கைவே, ஷா ஆலம் ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளை நாடி வந்தனர். அவர்களுள் பலர் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிக் குடியிருந்தனர். எண்பதுகளின் தொடக்கத்தில் தமிழ்ப் படம் பார்த்த கூட்டத்தில் இவர்கள் பெரும்பகுதியினர்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்ட படமே இவர்கள் அறிந்தது. நகருக்கு வந்தபின் பிரிக்பீல்ட்ஸ் லிடோ, 1920களிலேயே தோன்றிய கொலிசியம் போன்ற அரங்குகள் இவர்களுக்கு அறிமுகமாயின. எந்த அரங்கில் என்ன படம் என்பதைத் தமிழ் நாளிதழ்களின் விளம்பரங்கள் அறிவித்தன. படம் வருவதற்கு முன்பே அதன் பாடல்கள் மலேசிய வானொலியின் தமிழ்ப் பிரிவு வழியாக வீடு வந்து சேர்ந்தன. அதே ஆண்டுகளில் வீடியோ நாடாவும் புகுந்தது. நாடாவை வாடகைக்கு எடுத்து வந்து, ஒரு வீட்டின் கூடத்தில் நான்கு குடும்பங்கள் கூடிப் பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. இதனால் அரங்குகளின் வருவாய் குன்றியது. உரிமை பெறாத நாடாக்களும் பெருகின. 1987இல்தான் மலேசியாவில் புதிய பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது.

வேலை தேடிய இளைஞர்

அக்காலப் படங்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவை வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பொருளாகக் கொண்டவை. 1980ஆம் ஆண்டுத் தீபாவளியை ஒட்டித் தமிழ்நாட்டில் கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு', பாரதிராஜாவின் 'நிழல்கள்' ஆகிய இரண்டும் வெளிவந்தன. முன்னதில் படித்த இளைஞர் மூவர் டில்லி மாநகரில் வேலையின்றிப் பசியோடு போராடுகின்றனர். பாரதியின் கவிதையில் ஊறிய கதைத்தலைவன் இறுதியில் முடிதிருத்தும் தொழிலை ஏற்கிறான். உழைப்பில் இழிவில்லை என்னும் உண்மையை மேடைப் பேச்சாகச் சொல்லாமல் செயலாகவே காட்டியது அப்படத்தின் சிறப்பு. எனினும், பசியையும் சில இடங்களில் அழகுபடுத்திக் காட்டும் குறை அதில் உண்டு.

'நிழல்கள்' பொருளீட்டுவதில் தோற்றது. வைரமுத்து பாடலாசிரியராக அறிமுகமான படம் என்றே பலரும் அதனை நினைவுகூர்வர். ஆனால், நம்பிக்கை இழந்த இளைஞன் எத்தகைய இருளில் சென்று விழுவான் என்பதை ஆறுதல் சொல்லாமல் காட்டிய துணிவு அதற்கே உரியது. ராபர்ட், ராஜசேகர் இருவரும் இயக்கிய 'பாலைவனச் சோலை' 1981இல் வந்தது. வேலையற்ற நண்பர்கள் ஐவரின் குட்டிச்சுவர் வாழ்க்கையை அது சொல்கிறது. தோட்டத்தை விட்டு வந்து, தொழிற்சாலை வாயிலில் காத்து நின்ற கிள்ளான் இளைஞனுக்கு இம்மூன்று படங்களும் அயல்நாட்டுக் கதைகள் அல்ல. அவனுடைய கதைக்கு மிக அருகில் நின்றவை.

தண்ணீரும் கூலியும்

கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவிப் பாலசந்தர் 1981இல் இயக்கிய 'தண்ணீர் தண்ணீர்' இந்திய தேசிய விருது பெற்றது. மழையற்ற கரிசற் சிற்றூரின் மக்கள் அரசாங்கத்தை எதிர்பார்த்துச் சோர்ந்து, தாங்களே கால்வாய் வெட்ட முனைகின்றனர், முனைந்ததும் தடுக்கப்படுகின்றனர். மனு, அலுவலகம், தேர்தல், வாக்குறுதி என்னும் சுழலில் ஓர் ஊரே சிக்கித் தவிப்பதை இத்துணைத் தெளிவாகச் சொன்ன தமிழ்ப் படம் அதற்கு முன்பு அரிது. குழாய்நீருக்காக மனு எழுதிய புறம்போக்குக் குடியிருப்பாளர் இப்படத்தில் தம் முகத்தையே கண்டிருக்க வேண்டும். அந்த ஐந்தாண்டுகளின் படங்களுள் தலைசிறந்தது எதுவெனக் கேட்டால், இதனையே முதலில் சுட்டுதல் தகும்.

ஸ்ரீதர் ராஜனின் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' 1983இல் வந்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலை அடியொற்றியது அது. 1968இல் கீழ்வெண்மணியில் கூலி உழவர் குடும்பத்தார் தீக்கிரையான கொடுமை அந்நாவலுக்கு வித்திட்டது. மலேசியத் தமிழருக்கு இதில் தனித் தொடர்பு உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வந்தவர்களுள் தஞ்சை வட்டாரத்துக் கூலி உழவர் பலர். தம் முன்னோர் எதிலிருந்து தப்பி வந்தனர் என்பதை அறிய விரும்புவோர்க்கு இப்படம் ஒரு வாயில்.

கிராமம் என்னும் கனவு

இவற்றுக்கு மாறாக, கூட்டம் கூட்டமாக மக்களை ஈர்த்தவை கிராமத்துக் காதற்கதைகள். 'அலைகள் ஓய்வதில்லை' 1981இலும் 'மண் வாசனை' 1983இலும் வந்தன. இரண்டும் பாரதிராஜாவின் படங்கள். முன்னதன் முடிவில் காதலர் இருவரும் தத்தம் சமய அடையாளங்களைக் களைந்தெறிவது அந்நாளில் துணிவான செயல். பின்னது தென்பாண்டி மக்களின் பேச்சையும் பழக்கத்தையும் உயிரோடு காட்டியது. இவற்றின் கலைத்திறனை மறுப்பதற்கில்லை.

ஆனால், இங்கு ஒன்று கருதத் தக்கது. கிள்ளானில் பிறந்து வளர்ந்த தலைமுறை அக்கிராமங்களை ஒருநாளும் கண்டதில்லை. அவர்கள் இழந்த ஊர் வயலும் ஆறும் சூழ்ந்த ஊரன்று. பால்மரக் காடும் லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் சேர்ந்த தோட்டம். அதனை எந்தப் படமும் காட்டவில்லை. ஆதலின் தம் இழப்பின் துயரைத் தமக்குரியதல்லாத ஊரின் மேல் ஏற்றிப் பார்க்கும் நிலை அவர்களுக்கு நேர்ந்தது. இது படங்களின் குற்றமன்று. வேறு படம் இல்லாமையின் குற்றம்.

சண்டையும் பழியும்

'பில்லா', 'முரட்டுக்காளை' இரண்டும் 1980இல் வந்த ரஜினிகாந்த் படங்கள். முன்னது 'டான்' என்னும் இந்திப் படத்தின் தழுவல், விறுவிறுப்பில் குறைவற்றது, அதற்கு மேல் எதையும் சொல்லும் நோக்கம் அற்றது. ஏ.வி.எம். நிறுவனத்தின் 'முரட்டுக்காளை' கதையால் எளியது. கதாநாயகராகவே அறியப்பட்ட ஜெய்சங்கரை வில்லனாக்கிய புதுமையால் பேசப்பட்டது. இவற்றைப் பொழுதுபோக்கு என்று ஏற்பதில் தவறில்லை.

1982இல் பெருவெற்றி கண்ட 'சகலகலா வல்லவன்' பற்றி அவ்வாறு கூற இயலாது. கமல்ஹாசனின் ஆட்டமும் இளையராஜாவின் இசையும் அதன் குறையை மறைத்துவிட்டன. தங்கையைக் கெடுத்தவனுக்கே அவளை மணமுடிப்பதையும், பழி வாங்குவதற்காக அவன் தங்கையை ஏமாற்றி மணப்பதையும் வீரமென அப்படம் காட்டுகிறது. பெண்ணின் மனம் அங்கே ஒரு பொருட்டாகவே இல்லை. எஸ்.ஏ. சந்திரசேகரனின் 'சட்டம் ஒரு இருட்டறை' 1981இல் வந்தது. நீதியின் ஓட்டைகளைச் சுட்டியதில் அது நேர்மையானது. பழிவாங்குதலே தீர்வென முடித்ததில் பிழையானது. ஏழை இளைஞரின் குற்றங்களுக்குத் திரைப்படமே காரணம் என்பது மிகைக் கூற்று. ஆனால், வழி தெரியாது நின்றவனுக்கு இப்படங்கள் வழி காட்டவில்லை என்பதை மறுத்தல் இயலாது.

சிரிப்பு, இசை, அச்சம்

நகைச்சுவையில் 'தில்லு முல்லு' 1981இலும், விசுவின் 'மணல் கயிறு' 1982இலும் இன்றும் சுவை குன்றாதவை. மணமகளுக்கு எட்டு நிபந்தனை விதிக்கும் ஆணின் அகந்தையை ஒருவரையும் புண்படுத்தாமல் உடைக்கிறது 'மணல் கயிறு'. கே. பாக்யராஜின் 'அந்த ஏழு நாட்கள்' சிரிப்பில் தொடங்கிக் கலக்கத்தில் முடிகிறது. முன்னாள் காதலனிடமே மனைவியை ஒப்படைக்க முன்வரும் கணவனையும் அதனை மறுக்கும் காதலனையும் அது எதிரெதிரே நிறுத்துகிறது. அம்முடிவு பழைமையைக் காத்ததென்பர் சிலர். மூவரையும் மதித்ததென்பர் சிலர். பின்னைய கருத்தே பொருந்துவது. ஆயினும், இறுதி முடிவை அப்பெண் எடுக்கவில்லை என்ற உறுத்தல் நீங்குவதில்லை.

'பயணங்கள் முடிவதில்லை' பாடல்களால் வாழ்ந்த படம். அதன் கதையை மறந்தவர்களும் இசையை மறக்கவில்லை. அச்சச் சுவையில் பாலு மகேந்திராவின் 'மூடு பனி' குறிப்பிடத்தக்கது. இளையராஜாவின் நூறாவது படம் அது. ஓசையின்மையாலும் நிழலாலும் அச்சமூட்ட முடியும் என்று காட்டிய படம். மகேந்திரனின் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' குறைந்த சொற்களால் நிறைந்த பொருள் தந்தது. அசோக் குமாரின் ஒளிப்பதிவு அதற்குத் தேசிய விருதுகளுள் ஒன்றை ஈட்டித் தந்தது.

திரையில் ஆசிரியர்

தமிழாசிரியர்கள் கருத வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. அவ்வாண்டுகளில் ஆசிரியர் பலமுறை திரையில் தோன்றினார். 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'யின் தலைவன் மலைநாட்டுப் பள்ளியாசிரியன். நினைவிழந்து குழந்தையாகிவிட்ட பெண்ணைக் காக்கும் அவனுடைய பொறுமை, ஓர் ஆசிரியரின் பொறுமை. கமல்ஹாசனுக்கும் ஒளிப்பதிவுக்காகப் பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. 1981இல் வந்த 'பன்னீர் புஷ்பங்கள்' பள்ளி மாணவரின் காதலைக் கண்டு பதறாமல் கேட்கும் ஆசிரியரைக் காட்டியது. 1983இன் 'முந்தானை முடிச்சு' பெருவெற்றி கண்டது. ஆயினும், அதில் வாத்தியார் கேலிக்கும் பொய்ப்பழிக்கும் இலக்கானவர். முதியோர் கல்வி வகுப்பும் வேடிக்கைப் பொருளாயிற்று. கல்வி ஒன்றையே ஏணியாகக் கொண்டு தோட்டத்திலிருந்து ஏறி வந்த சமுதாயத்திற்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

காட்டப்படாத முகம்

இத்தனை வகைப் படங்களிலும் மலேசியத் தமிழர் எங்கே? 'பிரியா', 'நினைத்தாலே இனிக்கும்' ஆகிய படங்களுக்காக 1970களின் இறுதியில் சிங்கப்பூர் வந்த கோடம்பாக்கத்தார் பூங்காக்களையும் உயர்ந்த மாடங்களையும் படம் பிடித்துச் சென்றனர். பால்வெட்டு, கிராணி, பசார் என்னும் சொற்கள் கலந்த பேச்சு திரையில் ஒலிக்கவில்லை. 1981இல் மலேசியாவில் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. ஆனாலும், மலேசியத் தமிழ்ப் படம் வளர நெடுநாள் ஆயிற்று. 1991இல் 'நான் ஒரு மலேசியன்' வந்தது. 2005இல் தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' தோட்டத்துக் குடும்பத்தைக் காட்டியது. 2015இல் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', தோட்டத்தை விட்டு வந்து புறம்போக்குக் குடியிருப்பில் வளரும் சிறுவனின் கதையைச் சொன்னது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான பரிசை அது பெற்றது. 'நிழல்கள்' வெளிவந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, கிள்ளான் பள்ளத்தாக்கின் காண்போர் தம் நிழலையே திரையில் கண்டனர்.

எண்பதுகளின் படங்களை இன்று மீண்டும் காண்பதற்கு இதுவே காரணம். ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டில், 'தண்ணீர் தண்ணீர்' போன்ற படத்தை உயர்நிலை மாணவர்க்குக் காட்டி, 'உங்கள் பாட்டனார் இருந்த தோட்டத்தில் தண்ணீர் எங்கிருந்து வந்தது?' என்று ஓர் ஆசிரியர் கேட்கலாம். விடை தேடி அவர்கள் வீட்டு முதியவரிடம் செல்வர். ஏட்டில் எழுதப்படாத வரலாறு அங்கே தொடங்கும். அம்முதியவர்கள் குறைந்து வருகின்றனர். கேட்க வேண்டியதை இன்றே கேட்டல் நன்று.