மாப்பிள்ளைக் கோலத்தில் ஏமாந்தவர்கள்

பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்தில் சின்னதாய் ஒரு குளம் வெட்டிவைத்தால், யாரும் கொண்டுவந்து விடாமலே பல இடங்களில் நியூட் வந்து குடியேறிவிடும். நாலு காலும் நீண்ட வாலுமாகப் பார்வைக்குப் பல்லி. பிறப்பிலோ தவளைக்குப் பங்காளி. அந்த மண்ணுக்குச் சொந்தமானவை மூன்றே மூன்று: வழவழப்பு நியூட், சவ்வுக்கால் நியூட், பெருங்கொண்டை நியூட். மூன்றைப் பிரித்தறிவது என்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் பெரிய அறிஞர்களே இதில் தலைமுறை தலைமுறையாகத் தடுக்கி விழுந்தார்கள். அவர்கள் பார்க்கத் தவறியதால் அல்ல, கண்ணைப் பறித்ததை மட்டும் பார்த்ததால் விழுந்தார்கள் என்பது என் கட்சி.

ஆங்கிலப் பெயரே ஒரு தடுமாற்றத்தில் பிறந்ததுதான். பழைய சொல் 'யூட்'. அதற்கு முன்னால் வந்த 'ஆன்' என்ற சொல்லின் கடைசி எழுத்து இதோடு ஒட்டிக்கொள்ள, 'நியூட்' ஆகிவிட்டது. (புணர்ச்சி இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் வியப்பிராது.) பெயர் குழம்பியதைவிட உயிர் குழப்பியது அதிகம். நியூட் வசந்தத்தில் இனம்பெருக்கத் தண்ணீருக்கு வரும். பிறகு கரையேறிக் கல்லடியிலும் கட்டையடியிலும் கிடக்கும். அப்போது தோலின் பளபளப்பு போய், ஆளே வேறாகிவிடும். 1758-இல் உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் நியூட்டைப் பல்லிகளின் பேரினத்தில் சேர்த்தார். அதோடு, இன்று நாம் ஒன்றே என்று அறிந்த வழவழப்பு நியூட்டுக்கு 'வல்காரிஸ்', 'அக்வாடிகா' எனத் தனித்தனிப் பெயர்களும் வைத்தார். 1766-இல் இயற்கை ஆய்வாளர் ஜான் எல்லிஸ் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு எழுதிய கடிதத்தில், தண்ணீரில் இருப்பது தரையில் இருப்பதன் குஞ்சுப் பருவம், தவளைக்குத் தலைப்பிரட்டை போல, என்று அடித்துச் சொன்னார். செவுளோடு நீந்தும் குஞ்சு உண்டு என்பது மெய். முட்டையிட வந்த தாயையும் குஞ்சுக் கணக்கில் சேர்த்தது பிழை. கில்பர்ட் வைட் தன் ஊரான செல்போர்னின் இயற்கையைப் பற்றி 1789-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கருத்தையும் எடுத்துப் பேசுகிறார். அதே 1789-இல்தான் ரசுமோவ்ஸ்கி சுவிட்சர்லாந்திலிருந்து சவ்வுக்கால் நியூட்டைத் தனி இனமாக விவரித்தார்.

மூன்றில் இரண்டின் பெயர்களைக் கவனியுங்கள். கொண்டை என்பது ஆணின் முதுகில் ரம்பப் பல்லாக எழுவது. சவ்வுக்கால் என்பது ஆணின் பின்னங்கால் விரல்களைக் கறுப்பாய் இணைப்பது; அதோடு வால் நுனியில் மெல்லிய இழை ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்கும். இவையெல்லாம் வசந்தத்தில் சில மாதம் போடும் மாப்பிள்ளைக் கோலம். கல்யாணம் முடிந்தால் கலைந்துவிடும். பெண்ணுக்கோ எப்போதும் கிடையாது. கொண்டையைத் தேடுகிறவர் இனத்தில் பாதியை எப்போதும் தவறவிடுவார், மீதியை வருடத்தில் பெரும்பகுதி தவறவிடுவார். வெளித்தோற்றத்தை நம்பியதன் விளைவு 1839-இல் வந்த தாமஸ் பெல்லின் நூலிலும் உண்டு: மேலுதட்டின் வடிவத்தை வைத்துப் பெருங்கொண்டையை இரண்டாகப் பிரித்துவிட்டார். அந்தப் பிரிவு பின்னால் நிற்கவில்லை. நின்றவை பகட்டில்லாத அடையாளங்கள்தான். தொண்டையில் புள்ளி இருந்தால் வழவழப்பு. புள்ளியில்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தால் சவ்வுக்கால். உடல் கறுத்து, தோல் சொரசொரத்து, விலாவில் வெள்ளைப் பொடி தூவினாற்போல இருந்து, ஆரஞ்சு வயிற்றில் கருந்திட்டுகள் பரவியிருந்தால் பெருங்கொண்டை. நீளம் 15 சென்டிமீட்டரையும் தாண்டும். அந்தத் திட்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதம், நம் கைரேகை மாதிரி.

தோட்டக் குளத்தில் பெரும்பாலும் இருப்பது வழவழப்புதானே, அப்படியே எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். தென் இங்கிலாந்தின் ஊர்ப்புறத்தில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அமிலத் தன்மையுள்ள புதர்க்காட்டு நிலத்திலும் மேட்டுப் பகுதியிலும் சவ்வுக்கால்தான் மிகுதி. அங்கே ஊகம் கவிழ்ந்துவிடும். போதாக்குறைக்கு, மனிதர் கொண்டுவந்த ஆல்ப்ஸ் நியூட்டும் சில இடங்களில் நிலைத்துவிட்டது. அதன் வயிறும் ஆரஞ்சுதான், ஆனால் திட்டு கிடையாது. வயிற்றின் நிறத்தை மட்டும் பார்த்தவர், வந்தேறியைப் பெருங்கொண்டை என்று எழுதிவைப்பார்.

இன்னொரு மறுப்பு அரசியல்வாதிகளிடமிருந்து வந்தது. நியூட்டை எண்ணிக்கொண்டிருப்பதால் வளர்ச்சி தாமதமாகிறது என்று 2020 ஜூனில் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன் குறைப்பட்டார். கட்டுமானம் காத்திருப்பது உண்மை. ஆனால் எண்ண வேண்டிய நிலை ஏன் வந்தது? செஷயரில் வயலுக்குச் சுண்ணாம்பு கலந்த களிமண் எடுக்க வெட்டிய பள்ளங்களும், மாடு தண்ணீர் குடித்த பண்ணைக் குளங்களும்தான் பெருங்கொண்டையின் பழைய வீடுகள். குழாய்த் தண்ணீரும் டிராக்டரும் வந்தபின் அவற்றில் ஏராளமானவற்றைத் தூர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பெருங்கொண்டையைப் பாதுகாக்கும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. எந்த நியூட் என்ற கேள்வி அன்றோடு பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், பெருங்கொண்டையை உரிமம் இல்லாமல் பிடிப்பது குற்றம். ஆகவே உறுதியான அடையாளமான வயிற்றைப் புரட்டிப் பார்க்க வழியில்லை. 2014 முதல் இங்கிலாந்தில், ஏப்ரல் 15-க்கும் ஜூன் 30-க்கும் இடையே எடுத்த குளத்து நீரில் மரபணுத் தடயம் தேடும் சோதனையை ஏற்கிறார்கள். அந்தச் சோதனை பெருங்கொண்டை உண்டா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். மற்ற இரண்டையும் பிரிக்க இன்றும் தொண்டையைத்தான் பார்க்க வேண்டும்.