மலாக்காவின் சீனப் பீங்கானும் சோழமண்டலத் துணியும்

மலாக்கா பழைய நகரிலுள்ள செங் ஹோ பண்பாட்டு அருங்காட்சியகத்துக்குப் போகும் தமிழர்கள், அங்குள்ள பீங்கான் தட்டுகளையும் கப்பல் மாதிரிகளையும் சீனர்களின் சரித்திரம் என்று எண்ணிக் கடந்துவிடக்கூடும். பீங்கான் சீனாவில் சுட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது இந்தத் துறைமுகத்தில் இறங்கிய கதை சீனர்களுடையது மட்டுமல்ல. சரக்கு இறங்க வேண்டுமானால் அதை வாங்க ஆள் வேண்டும், மாற்றாகக் கொடுக்க வேறு சரக்கு வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டு மலாக்காவில் வாங்கியவர்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் தமிழ் வணிகர்கள். அவர்கள் கொண்டுவந்த சரக்கு சோழமண்டலக் கரையின் துணி.

இதற்கு மிக வலுவான சான்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1911இல் இலங்கையின் காலி நகரில் ஒரு மதகை மூடும் கல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட பலகைக்கல் அது. தலைப்பில் இரண்டு டிராகன்கள் எதிரெதிராகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். மிங் அரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கடற்பயணத்துக்காகச் சீனாவிலேயே பொறிக்கப்பட்ட இக்கல்லின் காலம் 1409. சீன வாசகம் புத்தரைப் போற்றுகிறது, தமிழ் வாசகம் தெனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளைப் போற்றுகிறது, பாரசீகம் இசுலாமியருக்கானது. காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறக்குறைய ஒன்றே: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய் என்று நீள்கிறது. சிங்கள அரசர்கள் ஆண்ட தீவில் நாட்டவேண்டிய கல்லில் சிங்களம் இல்லை, தமிழ் இருக்கிறது. கடல் வணிகர்கள் எந்த மொழியில் படிப்பார்கள் என்று மிங் அரசவை அறிந்திருந்தது என்றே இதை நான் கொள்கிறேன்.

அது இலங்கைச் செய்தி, மலாக்காவுக்குச் சான்றாகாது என்று யாரும் மறுக்கலாம். ஆனால் அதே கப்பற்படைதான் மலாக்காவிலும் தங்கியது. உடன்சென்ற மா ஹுவான் இங்கே கண்டதை எழுதியிருக்கிறார்: மதில்போன்ற மரவேலி, நான்கு வாயில்கள், காவல் கோபுரங்கள், உள்ளே இன்னொரு வேலிக்குள் கிட்டங்கிகள். பல நாடுகளுக்குப் பிரிந்துபோன கப்பல்கள் இங்கே திரும்பிச் சேர்ந்து, சரக்கைப் பிரித்து ஏற்றி, தென்காற்றுக்குக் காத்திருந்தன. அருங்காட்சியகம் நிற்கும் இடமே அந்தக் கிட்டங்கி என்று அதன் நிறுவனர் தான் தா சென் வாதிடுகிறார். அது ஐயமற நிறுவப்பட்டதல்ல. இந்த வாதத்துக்கு அது தேவையும் இல்லை. துறைமுகத்தில் எதிர்ப்பக்கம் யார் நின்றார்கள் என்பதைப் போர்த்துகீசியரின் எழுத்தே சொல்லிவிடுகிறது. மலாக்காவின் நான்கு ஷாபந்தர்களில் (துறைமுக அதிகாரிகளில்) ஒருவர் சீனக் கப்பல்களைக் கவனித்தார், இன்னொருவர் கெலிங் என்று அழைக்கப்பட்ட நம் கரை வணிகரைக் கவனித்தார் என்று தோமே பீரிஸ் பதிந்திருக்கிறார். போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றியபின் பெண்டஹாரா என்ற உயர் பதவியில் நியமிக்கப்பட்ட தமிழ் வணிகர் நீனா சாத்து, 1513இல் சீனாவுக்குப் போன போர்த்துகீசிய அரசரின் கப்பலில் சரக்கிலும் செலவிலும் சரிபாதிப் பங்கு போட்டார். போர்த்துகீசியர் சீனக் கரையைத் தொட்ட தொடக்கப் பயணத்தில் பாதி முதல் தமிழருடையது! இதைப் பாடப்புத்தகத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்த உறவு செங் ஹோவோடு தொடங்கியதுமல்ல. சீனத்தின் சுவன்சௌ துறைமுகத்தில் 1281இல் ஒரு சிவன் கோயிலுக்காகத் தமிழ்க் கல்வெட்டு வெட்டப்பட்டது. அதன் அடியில் ஒரு வரி சீன எழுத்து உண்டு. இராமநாதபுரம் பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பாசிப்பச்சை மெருகு மங்காத அந்த ஓடுகளின் உறவினங்கள்தான் மலாக்காவில் கண்ணாடிப் பெட்டிக்குள் முழுத் தட்டுகளாக இருக்கின்றன.

இந்த வரலாற்றை இன்றைய மலாக்கா தமிழர் தமதென்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் நீனா சாத்துவின் வழிவந்தவை அல்ல. கங்காணிகளின் பின்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் வந்தவை. பழைய வணிகரின் வழித்தோன்றல்கள் என்று சொல்லத்தக்கவர்கள் காஜா பெராங்கின் மலாக்கா செட்டிகள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. மறுப்பு நியாயமானதே. வணிகப் பெருமையைத் தோட்டத் தமிழர் தமதாக்கிக்கொள்ள வேண்டியதில்லை, ஏனெனில் அவர்களுக்கு இந்தக் கதையில் வேறோர் இடம் உண்டு. 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும், பிறகு புக்கிட் அசஹானிலும் வணிகத்துக்காக ரப்பர் நட்டவர் தான் சாய் யான் என்ற மலாக்கா பாபா சீனர். பாபா குடும்பங்கள் சீனாவின் ஜிங்தேசெனில் சொல்லிச் செய்வித்த, பீனிக்ஸ் பறவையும் பியோனி மலரும் இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் மின்னும் நியோன்யா பீங்கானின் கடைசிக் காலமும் ரப்பரின் முதற்காலமும் ஒன்றோடொன்று கலந்தவை. அத்தகைய தட்டைப் பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு, ரப்பர்ப் பணம் எங்கெல்லாம் போனது என்று கேட்க முழு உரிமை உண்டு.

ஆகவே சீனப் பொருள்களைக் குறைக்கச் சொல்லவில்லை. மலாக்காவில் ஒரு பெட்டியிலாவது மிங் தட்டின் பக்கத்தில் சோழமண்டலத் துணி ஒன்றை வைக்கலாம். பருத்தி மக்கிப்போகும், எங்கே தேடுவது என்று கேட்க வேண்டாம்: சுலாவெசியின் தோராஜா மக்கள் பரம்பரைச் சொத்தாகக் காத்த இந்தியத் துணிகள் பல உலக அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன, அவற்றில் சோழமண்டலக் கரைத் துணிகளும் உண்டு.