ஐந்து நிபந்தனைகள்: எமர்சன் பார்க்கில் முதலில் வடிவமைக்கப்பட்டது எது?

நலிந்த நகர்ப்பகுதி ஒன்றுக்குள் வேற்றுப் பண்பாட்டு மாணவர்கள் நுழைந்து, அங்குள்ளவர்களோடு சேர்ந்து சேவைகளை வடிவமைக்கும் முயற்சிகளைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு கருத்து கேள்வியின்றி நிலைத்துவிட்டது. பண்பாட்டு இடைவெளியே முதல் தடை, மாணவரின் பரிவும் கூர்ந்து கேட்கும் பழக்கமும் அதைக் கடக்க உதவும் என்பதே அது. இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்கள் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் நகரின் எமர்சன் பார்க் பகுதியில் 1990 முதல் செய்த பணியும் இக்கருத்துக்குச் சான்றாகவே காட்டப்பட்டுவருகிறது. மாணவரில் பெரும்பாலோர் வெள்ளையர். நகர மக்களில் ஏறத்தாழ அனைவரும் கறுப்பினத்தார். இரு தரப்பும் பழகப் பழக நம்பிக்கை வளர்ந்தது என்கிறார்கள். இந்த வாசிப்பு, கையில் இருக்கும் முதன்மையான சான்றையே தலைகீழாகப் படிக்கிறது என்று கருதுகிறேன்.

அந்தச் சான்று, கூட்டுப்பணிக்கு இசையும் முன் குடியிருப்பாளர் தரப்பு வைத்த ஐந்து நிபந்தனைகள். எந்தச் சிக்கலை எடுத்துக்கொள்வது என்பதைக் குடியிருப்பாளரே முடிவுசெய்வர். திட்டத்தின் எல்லாக் கட்டங்களிலும் அவர்கள் இருப்பர். ஓராண்டு பரீட்சைக் காலத்துக்குப் பின் பல்கலைக்கழகம் குறைந்தது ஐந்தாண்டு நீடிக்க வேண்டும். நிதி வளங்களில் ஊருக்கு நியாயமான வாய்ப்பு கிடைக்க வேண்டும். பல்கலைக்கழகம் போன பிறகும் நிலைக்கும் அமைப்பொன்று உருவாக வேண்டும். இவற்றைக் காயப்பட்ட மக்களின் தற்காப்பு என்றே படித்துவந்திருக்கிறார்கள். ஆனால் மாணவர் எங்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற கோரிக்கை ஐந்தில் ஒன்றிலும் இல்லை. மூன்றாம் நிபந்தனையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நகரத் திட்டமிடல் முதுநிலை மாணவர் இரண்டாண்டில் பட்டம் பெற்றுப் போய்விடுவார். எத்தனை பரிவு உள்ளவரானாலும் ஐந்தாண்டு என்ற நிபந்தனையைத் தனியொரு மாணவரால் நிறைவேற்ற இயலாது. நிறைவேற்றக்கூடியது நிறுவனம் மட்டுமே. அதுவும் ஒரு பருவத்து மாணவர் தொட்ட வேலையை அடுத்த பருவத்தார் விட்ட இடத்திலிருந்து எடுக்கும்படி தன் பாடமுறையை மாற்றிக்கொண்டால்தான். பயனர் யார், எவ்வளவு காலம், செலவு யாருடையது, சேவை ஓய்ந்தபின் எஞ்சுவது என்ன என்பவை சேவை வடிவமைப்பாளர் கேட்கும் கேள்விகள். அந்தத் துறை ஜெர்மனியின் கொலோன் நகர வடிவமைப்புக் கல்லூரியில் பாடமாக நுழைந்ததே 1991இல்தான். எமர்சன் பார்க் மக்கள் அதே கேள்விகளைப் பல்கலைக்கழகத்தை நோக்கிக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே அங்கே முதலில் வடிவமைக்கப்பட்ட சேவை பல்கலைக்கழகமே, வடிவமைத்தவர்கள் குடியிருப்பாளர்கள்.

பின்னர் நடந்தவை இந்த வாசிப்போடு பொருந்துகின்றன. அப்பகுதிக்காக வகுத்த திட்டத்துக்கு நிதி தர யாரும் முன்வராதபோது, கைவிடப்பட்ட மனைகளில் மலைபோலக் குவிந்திருந்த குப்பையை அள்ளுவதில்தான் வேலை தொடங்கியது. அதைத் தேர்ந்தவர்கள் குடியிருப்பாளர்கள். மண்வாரி பிடித்தவர்களில் மாணவரும் உண்டு. விளையாட்டுத் திடல், வீடுகளுக்கு வண்ணம் பூசுதல், உழவர் சந்தை என்று பணி விரிந்தது. 2001இல் மெட்ரோலிங்க் ரயில் எமர்சன் பார்க்கில் நின்றபோது, அந்தத் தடத்துக்காக வாதாடியவர்களில் அப்பகுதி அமைப்பும் இருந்தது. ஒரு பருவத்தோடு முடியும் பட்டறையால் ரயில் தடத்தின் கால அளவுக்கு ஈடுகொடுக்க முடியாது. நகரத்தின் மக்கள்தொகை 1950இல் 82,000ஐத் தாண்டியிருந்தது, 1990இல் ஏறத்தாழ 41,000, அதன்பிறகும் குறைந்துகொண்டே போனது, ஆகவே முயற்சி தோற்றது என்பார் உண்டு. இறைச்சிக் கூடங்களும் ஆலைகளும் மூடப்பட்டு வரி வருவாய் வற்றிய கணக்கை ஒரு குடியிருப்பின் கூட்டுப்பணி மீது எழுதுவது பொருந்தாது. அதில் நீள விவாதத்துக்கு இடமில்லை.

கனமான மறுப்பு வேறு. நிபந்தனைகளை நாம் அறிவது பெரும்பாலும் திட்டத்தை வழிநடத்திய பேராசிரியர் கென்னத் ரியர்டனின் எழுத்துகள் வழியாக. மக்கள் குரல் பல்கலைக்கழகத்தின் பேனா வழியே வந்திருக்கையில், வடிவமைப்புத் தெளிவு அந்தப் பேனாவுக்கு உரியதாகவும் இருக்கலாம் அல்லவா? சொல்லமைப்பு அவருடையதாக இருக்கக்கூடும் என்பதை ஏற்கிறேன். அதனால்தான் சொற்களை விட்டு நிபந்தனைகளின் உள்ளடக்கத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டேன். இன்னொன்றையும் எடைபோட வேண்டும். அதே எழுத்துகள் அவருக்கு எதிரான கண்டனத்தையும் மறைக்காமல் பதிந்திருக்கின்றன. அவர் பெருமையாகக் கருதிய பங்கேற்பு முறை இனம், வர்க்கம், பாலினம் மூன்றிலும் பாகுபாடு காட்டுகிறது என்று குடியிருப்பாளர் தரப்பில் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் சொன்ன காரணம் எளியது: மாணவருக்கு இதில் வகுப்பு கிடைக்கிறது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. தன்னை உயர்த்திக்காட்ட எழுதுபவர் எளிதில் விட்டுவிடக்கூடிய செய்தி இது. அந்தக் கண்டனத்திலிருந்து பிறந்ததே குடியிருப்பாளருக்கான அக்கம்பக்கக் கல்லூரி. அங்கும் கேட்கப்பட்டது பரிவு அல்ல. மாணவருக்கு மட்டும் கிடைத்துவந்த அமைப்பாக்கம், திட்டமிடல் பாடங்களைத் தங்களுக்கும் நடத்த வேண்டும் என்றார்கள், பல்கலைக்கழகம் நடத்தியது.