லங்காஷயர் நெசவுத் தம்பதியரின் வாரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஷயரின் பிளாக்பர்ன், பர்ன்லி முதலிய நகரங்களில், கணவனும் மனைவியும் நெசவாலையில் விசைத்தறி ஓட்டுவது பரவலான வழக்கமாக இருந்தது. நெய்த துணிக்குத் தக்கபடி கூலி கணக்கிடப்பட்டதாலும், 1892இல் வகுக்கப்பட்ட பொதுக் கூலிப்பட்டியல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதத்தை விதித்ததாலும், திருமணத்திற்குப் பின்னும் பெண்கள் தறியை விட்டு விலகவில்லை. பிளாக்பர்ன் தறிகள் இந்தியச் சந்தைக்கென வேட்டிகளை நெய்து குவித்தன. தமிழகக் கைத்தறிக் குடும்பங்களின் பிழைப்பை நெருக்கிய அத்துணிக்குப் பின்னாலும் வாரக்கூலியை எண்ணி வாழ்ந்த குடும்பங்களே இருந்தன என்பது மறக்கத்தகாதது.

வீட்டிலேயே கைத்தறி நெய்த முந்தைய தலைமுறையினர் திங்கட்கிழமையை ஓய்வாகக் கழித்து, வாரக்கடைசியில் இரவு பகலாக உழைத்து ஈடுசெய்தனர். 'புனிதத் திங்கள்' எனப்பட்ட அவ்வழக்கத்திற்கு நீராவி இயந்திரம் இடந்தரவில்லை. விடியுமுன் நீண்ட கழியால் சன்னலைத் தட்டி எழுப்புவதற்கென்றே தெருவில் கூலிக்கு ஆள் இருந்தார். குழந்தையைப் பாட்டியிடமோ, காசு பெற்றுப் பார்த்துக்கொள்ளும் அண்டைவீட்டுப் பெண்ணிடமோ விட்டுச் சென்ற தாய், பெரும்பாலும் நான்கு தறிகளைக் கவனித்தாள். பேச்சே கேளாத இரைச்சலில் நெசவாளர்கள் உதட்டசைவால் உரையாடினர்; ஊடைநூலை ஏந்தி ஓடும் நாடாவின் துளையில் வாய்வைத்து நூலை உறிஞ்சி இழுத்தனர். 'நாடாவை முத்தமிடுதல்' என அழைக்கப்பட்ட இச்செயல் நோய் பரவவும் வழிவகுத்தது.

1850ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வேலை செய்யக் கூடாது என்று விதித்தது. அவர்களின்றி ஆலை ஓடாதாகையால், சட்டம் குறிப்பிடாத ஆண்களுக்கும் அந்த அரைநாள் கிடைத்தது. கால்பந்தாட்டத்திற்கு அங்கே கூட்டம் பெருகியதற்கு இந்தப் பிற்பகலே அடிப்படை. நெசவாளர்களும் இடம்பெற்றிருந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, 1883இல் செல்வர் பள்ளியான ஈட்டனின் பழைய மாணவர் அணியை வென்று இங்கிலாந்துக் கோப்பையைக் கைப்பற்றியது. பெண்ணுக்கென இயற்றிய சட்டம் தந்த இந்த அரைநாளில் பெண் என்ன செய்தாள் என்பதை ஆட்ட வரலாறுகள் பெரிதும் பேசுவதில்லை. கணவன் ஆட்டம் பார்க்கச் சென்றபோது அவள் வாரநாளில் முடியாத துவைப்பையும் ரொட்டி சுடுதலையும் முடித்து, வாசற்படியைக் கல்லால் தேய்த்து வெளுத்து, மாலையில் சந்தைக்குப் புறப்பட்டாள். ஒரே கூலி விகிதம் பெற்ற இருவருக்கும் ஓய்வு ஒன்றாக இருக்கவில்லை.

இருவரும் ஒன்றாய்க் கழித்த நாள் பெரும்பாலும் கடற்கரைப் பயணமே. 1846இல் பிளாக்பூலுக்கு இரயில்பாதை எட்டியபின், காலையில் சென்று இரவில் திரும்பும் மலிவுக் கட்டண இரயில்கள் நெசவாளரை ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டுசேர்த்தன. 1894இல் திறக்கப்பட்ட, 518 அடி உயரமுள்ள கோபுரம் அவர்கள் நோக்கிச் செல்லும் அடையாளமாயிற்று. முன்பு தேவாலயத் திருநாளாக இருந்த 'வேக்ஸ்' விழாவின்போது ஒவ்வொரு நகரமும் தனித்தனி வாரத்தில் ஆலைகளை மூடியது. அந்நாள்களுக்குக் கூலி இல்லாததால், ஆண்டு முழுதும் வாரந்தோறும் சில காசுகளைச் செலுத்தும் சேமிப்புக் குழுக்களை மக்கள் வைத்திருந்தனர். ஆயினும், சில நாள் தங்கச் சென்றவர்கள் பல விடுதிகளில் உணவுப் பொருளைத் தாமே வாங்கித் தர, விடுதிக்காரி அதைச் சமைத்துத் தரும் முறை இருந்தமையால், அங்கும் கடைக்குப் போகும் பொறுப்பு மனைவியைத் தொடர்ந்தது. கட்டிக்கொண்ட ரொட்டித் துண்டுகளோடு காலையில் இரயிலேறி இரவில் திரும்பிய நாளிலோ, மறுநாள் விடியலில் சன்னல் தட்டப்படும்வரை அவளுக்குத் தறியும் இல்லை, அடுப்பும் இல்லை.